ஒரு ஸ்பூன் முருங்கை பவுடரில் ரத்தம் ஊறுமா? செல்போன் 'டிப்ஸை' நம்பும் முன் 3 கேள்வி கேளுங்க!

"பாலக்கீரையைவிட 25 மடங்கு இரும்புச்சத்து! பாலைவிட பல மடங்கு கால்சியம்! தினமும் ஒரு ஸ்பூன் முருங்கை பவுடர் போதும்!" - வாட்ஸ்-அப், யூ டியூப்பில் இப்படி ஒரு தகவல் பல வருஷமா சுத்திக்கிட்டு இருக்கு. 'கறி, மீன், பால் எதுவும் வேணாம். செடி, கொடியிலேயே எல்லா சத்தும் இருக்கு' என்று அடித்துச் சொல்லும் வீடியோக்களுக்கும் பஞ்சமில்லை.

முருங்கைக்கீரை சத்தான கீரைதான். சைவ சாப்பாடும் நல்லதுதான். ஆனால் தப்புக் கணக்கை நம்பினால் உடம்பு கெடும். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பது 2019-21 தேசிய குடும்பநல சர்வேயில் தெரியவந்தது. பவுடரை நம்பி டாக்டரிடம் போகாமல் நாளைக் கடத்தினால் பிரச்சினை முற்றிவிடும்.

எந்த 'டிப்ஸ்' வந்தாலும் 3 கேள்வி கேட்டால் போதும். சாயம் வெளுத்துவிடும்.

1. எதை எதோட ஒப்பிடுறாங்க?

ஒரு பக்கம் காய்ந்த முருங்கை பொடி 100 கிராம். இன்னொரு பக்கம் பச்சை கீரை 100 கிராம். தில்லுமுல்லு இங்கேதான். பச்சை கீரையில் முக்கால்வாசி தண்ணீர். காய வைத்தால் எந்தக் கீரையும் 'பல மடங்கு' காட்டும்.

பச்சை முருங்கைக்கீரை 100 கிராமில் இரும்புச்சத்து 4 முதல் 5 மில்லி கிராம்தான். பொடியை 100 கிராம் யாரும் சாப்பிடப் போவதில்லை. ஒரு ஸ்பூன் என்பது 2, 3 கிராம். அதில் 1 மில்லி கிராம் இரும்பு கிடைத்தாலே பெரிசு. ஐ.சி.எம்.ஆர். 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி பெண்களுக்கு தினமும் 29 மில்லி கிராம் தேவை.

பவுடரைவிட கீரைப் பொரியலே மேல். கூடவே நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சம்பழம் சேர்த்தால் இரும்பு நல்லா உடம்புல ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது.

2. எத்தனை நாள் அனுபவம்?

"பாலையும் நிறுத்தி ஒரு வருஷமாச்சு. ஜம்முனு இருக்கேன்" என்பார்கள். பொய்யில்லை. ஆனால் பி12 வைட்டமின் கல்லீரலில் வருஷக்கணக்கில் இருப்பு இருக்கும். அது தீர்ந்த பிறகுதான் கை, கால் மரத்துப்போவது, மறதி, அசதி எல்லாம் தலைகாட்டும். கவனிக்காமல் விட்டால் நரம்பு நிரந்தரமாகவே பாதிக்கப்படலாம்.

கீரை, காய், பருப்பில் பி12 கிடையாது. ஸ்பைருலினா பாசியில் இருப்பதும் பெரும்பாலும் நம்ம உடம்புக்கு உதவாத வகை. பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் உண்டு. எல்லாத்தையும் விடுபவர்கள் பி12 மாத்திரை எடுத்தே ஆகணும். சுகருக்கு மெட்பார்மின் மாத்திரை பல வருஷமா சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு உண்டு. டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

3. சொல்றவர் எதை விக்கிறார்?

வீடியோ முடிவில் 'ஆர்டர் பண்ண இந்த நம்பர்' என்று வந்தால் அது அட்வைஸ் இல்லை, விளம்பரம். 'சுகர் மாத்திரையை தூக்கிப் போடுங்க' என்று யாராவது சொன்னால் அந்த நிமிஷமே வீடியோவை மூடிவிட வேண்டியதுதான்.

அசதி, மூச்சு வாங்குவது, தலைசுற்றல் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்த அளவு பார்க்கலாம். காசு செலவில்லை. ரத்தம் குறைவு என்றால் இரும்புச்சத்து மாத்திரையும் அங்கேயே தருவார்கள்.