மூச்சுக்கு இரண்டு பாதை

பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்த ஒருவர் சும்மா படுத்திருக்கும்போது அவருடைய மார்பைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே சீராக ஏறி இறங்கும். பிறகு, “நல்லா மூச்சை உள்ளே இழுங்க” என்று சொல்லிப் பாருங்கள். சிலருக்கு வலப்பக்கம் பின்தங்கிவிடும். 1994இல் பிரிட்டன் மருத்துவர்கள் எட்டு நோயாளிகளின் உதரவிதானத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். இயல்பான மூச்சில் இரு பக்கமும் வேறுபாடின்றி அசைந்தன. முயன்று இழுத்த மூச்சில் மட்டும், எட்டில் நால்வருக்குச் செயலிழந்த பக்கம் குறைவாகவே இறங்கியது.

தசை அதேதான், அதை ஆட்டும் நரம்பும் அதேதான். கழுத்தெலும்புகளின் நடுப்பகுதியிலிருந்து கிளம்பி உதரவிதானத்துக்கு இறங்கும் அந்த நரம்புக்கு எந்தச் சேதமும் இல்லை. அதற்கு உத்தரவு வரும் இடங்கள்தான் இரண்டு.

முதலாவது, மூளையின் அடித்தண்டில் உள்ள முகுளம். அங்கே ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் மூச்சின் தாளத்தை உண்டாக்குகிறது. எலிகளின் மூளைத்தண்டில் இந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. நாம் தூங்கினாலும் மயங்கினாலும் அது நிற்பதில்லை. இரண்டாவது, மூளையின் மேற்புறணி. பேச, பாட, ஊத, வேண்டுமென்றே இரும, நீருக்குள் மூச்சை அடக்க நமக்கு வேண்டியது இந்தப் பாதை. பக்கவாதம் பெரும்பாலும் தாக்குவது மேற்புறணியையும் அங்கிருந்து இறங்கும் நரம்பிழைகளையும்தான். முகுளம் தப்பிவிடுவதால் மூச்சு நிற்பதில்லை. மூச்சு நிற்காததால், அதில் ஏதோ குறைந்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை.

முகுளம் பழுதானால் நிலைமை தலைகீழ். அப்படிப்பட்ட சிலர் விழித்திருக்கும்போது தாமே மூச்சு விடுவார்கள். தூங்கினால் மூச்சு நின்றுவிடும், இரவெல்லாம் இயந்திரத்தின் துணை வேண்டும். இன்னொரு விந்தையும் உண்டு. சிலருக்கு, பக்கவாதத்தில் அசையவே அசையாத கை, கொட்டாவி விடும்போது மட்டும் தானாக மேலே எழும்பும். பிரெஞ்சு மருத்துவர்கள் 2005இல் இதற்குத் தனிப்பெயரே சூட்டினார்கள். தூக்கு என்றால் தூக்காத கையைக் கொட்டாவி தூக்கிவிடுகிறது! வீட்டில் இருப்பவர்கள் இதைப் பார்த்து, கை சரியாகிவிட்டது என்று மகிழ்ந்துபோவதுண்டு. அது பழைய, தானியங்கிப் பாதையின் வேலை.

மேற்புறணிப் பாதையின் வல்லமையைக் காண கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் ஸ்காட்டுக்குப் போகலாம். இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயிலில் திருவிழா நேரத்து நாதஸ்வரத்தைக் கேளுங்கள். வித்வான் நொடிப்பொழுதில் காற்றை இழுத்துக்கொண்டு, அதை நீண்ட நேரம் அளந்து அளந்து வெளியே விடுகிறார். முகுளத்தின் தாளத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மேற்புறணி மூச்சைத் தன் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறது. பக்கவாதம் வந்தவர் இழப்பது இந்த ஆளுகையைத்தான். அதோடு, படுக்கையில் கிடப்பதால் வயிற்றுத் தசைகளும் விலா இடைத் தசைகளும் மெலிகின்றன. ஒருபக்கம் சரிந்து உட்காருவதால் மார்புக்கூடு விரியவும் இடம் குறைகிறது.

எவ்வளவு குறைகிறது என்பதை அளக்க முடியும். அடைத்த குழாய் ஒன்றை வாயில் வைத்து முழு பலத்தோடு உறிஞ்சச் சொல்வார்கள். ஆரோக்கியமான பெரியவருக்கு அந்த உறிஞ்சும் அழுத்தம் சுமார் 100 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை வரும். பக்கவாதத்துக்குப் பிந்தைய ஆய்வுகளில் 17 முதல் 57 வரைதான் பதிவாகியிருக்கிறது.

இந்தக் குறைவு முதலில் ஆபத்தாவது இருமலில். ஒரு நல்ல இருமலுக்கு முதலில் ஆழமாக மூச்சை இழுக்க வேண்டும், பிறகு குரல்வளை இறுக மூட வேண்டும், மூடிய நிலையில் வயிற்றுத் தசைகள் காற்றை நெருக்க வேண்டும், உடனே குரல்வளை படாரெனத் திறக்க வேண்டும். இழுத்த காற்று குறைந்தாலும் நெருக்கும் பலம் குறைந்தாலும் வெளிவருவது வெறும் கனைப்பு. இருமும் காற்று நிமிடத்துக்கு 160 லிட்டர் வேகத்துக்குக் கீழே போனால் சளி வெளியே வராது என்பது மருத்துவர்களின் கணக்கு. பக்கவாதம் வந்த புதிதில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விழுங்குவதிலும் சிரமம் இருக்கும். கஞ்சியோ தண்ணீரோ வழிதவறி நுரையீரலுக்குள் போகும், அதை வெளியே தள்ளும் இருமல் இருக்காது. நிமோனியா வருவது இப்படித்தான். கைகால் பயிற்சியில் காட்டும் அக்கறையில் பாதியையாவது நாம் மார்புக்குக் காட்டாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மூச்சுத் தசையும் தசைதான். சுமை தூக்கினால் வலுக்கும். அதற்கான கருவி உள்ளங்கையில் அடங்கும். உள்ளே சுருள்வில் பூட்டிய ஒரு வால்வு. குறிப்பிட்ட அழுத்தத்துக்கு உறிஞ்சினால்தான் திறந்து காற்றை விடும். ஒருவருடைய அதிகபட்ச அழுத்தம் 50 என்றால், அதில் 30 விழுக்காடாகிய 15இல் தொடங்குவது வழக்கம். ஒரு வேளைக்கு 30 மூச்சு, நாளுக்கு இரண்டு வேளை. பலம் கூடக்கூட வில்லை இறுக்குவார்கள். ஊதும் பக்கம் சுமை வைக்கும் கருவியும் உண்டு, அது இருமலுக்கான தசைகளைக் குறிவைப்பது. வாய் ஒருபக்கம் கோணியிருந்தால் உதட்டோரம் காற்று கசியும். அப்போது பக்கத்தில் இருப்பவர் விரலால் கன்னத்தைச் சேர்த்துப் பிடிக்கலாம், அல்லது முகமூடியைப் பொருத்தலாம்.

பலன் உண்டா? 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அலசியபோது கிடைத்தவை இரண்டே ஆய்வுகள், 66 நோயாளிகள். முடிவு சொல்லப் போதாது என்றார்கள். 2015இல் பார்சலோனாவில் 109 பேரிடம் மூன்று வாரப் பயிற்சியைச் சோதித்தார்கள். தசை பலம் கூடியது, அடுத்த ஆறு மாதங்களில் நுரையீரல் சிக்கல்களும் குறைவாக இருந்தன. அதே ஆண்டு லண்டனில் நடந்த ஆய்விலோ, பயிற்சி செய்தவர்களுக்கும் பெயருக்குப் போலிப் பயிற்சி செய்தவர்களுக்கும் இருமல் ஒரே அளவில்தான் மேம்பட்டது. முதல் சில வாரங்களில் இருமல் தானாகவே ஓரளவு மீள்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். 2019இல் பிரேசிலில் தினமும் 40 நிமிடம் வீதம் எட்டு வாரம் பயிற்சி கொடுத்தபோது பலம் கூடியது, மூச்சிரைப்பு குறைந்தது, நடக்கும் திறனில் மாற்றம் தெரியவில்லை. ஆக, தசை வலுக்கிறது என்பதில் ஐயமில்லை. நடை திரும்பிவிடும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

மருத்துவமனையிலிருந்து பலர் கொண்டுவரும் மூன்று பந்துக் கருவி வேறு. அதில் பந்து எழும்புவது உறிஞ்சும் வேகத்தைக் காட்டும். நுரையீரலை விரிக்க உதவும், ஆனால் தசைக்கு அளந்த சுமை ஏற்றாது. பிராணாயாமமும் வேறு. மெதுவான, சீரான மூச்சு மனதுக்கும் உடலுக்கும் இதம் தரும். கும்பகமாக மூச்சை அடக்குவதும், வயிற்றை வெட்டி வெட்டி வேகமாக ஊதுவதும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவருக்கு ஆகாது. சுருள்வில் கருவிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தலைசுற்றலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். அழுத்தத்தை அளந்து சுமையைக் குறித்துத் தருவது பிசியோதெரபிஸ்ட்டின் வேலை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு அப்படி அளந்து தரக் கேட்க இடங்கள் இல்லாமல் இல்லை. பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ 1996இல் தொடங்கிய தேசிய பக்கவாதச் சங்கமான நாசாம், பெட்டாலிங் ஜெயாவில் மறுவாழ்வு நிலையம் நடத்துகிறது. செராஸில் அரசின் மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்கு கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறினால் மலாயா பல்கலைக்கழக மருத்துவமனை தூரமில்லை. அடுத்த சந்திப்பில், “அப்பாவோட மூச்சழுத்தம் எவ்வளவுன்னு அளக்க முடியுமா? இருமல் பலமா இருக்கா?” என்று கேளுங்கள். விழுங்குவதைச் சோதித்தார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இருமலையும் விழுங்குவதையும் தனித்தனியே பார்ப்பதில் பொருளில்லை.

குரலையும் கவனியுங்கள். பேசுவதற்குத் தேவையான காற்றழுத்தம் மிகக் குறைவு, 5 முதல் 10 சென்டிமீட்டர் நீரழுத்தம் போதும். பலவீனமான மார்புகூட அதைத் தந்துவிடும். ஆனால் வாக்கியம் முடியும்வரை அதைக் குறையாமல் தந்துகொண்டிருக்கக் காற்றின் இருப்பு வேண்டும், அளந்து விடும் ஆளுகையும் வேண்டும். தேவாரத்தின் ஓர் அடியை ஒரே மூச்சில் பாடிவந்தவர் இப்போது நடுவில் இரண்டு முறை நிறுத்துகிறார் என்றால், அது மறதியாகவோ சோர்வாகவோ மட்டும் இருக்க வேண்டியதில்லை. எத்தனை சொல்லுக்கு ஒருமுறை நிறுத்துகிறார் என்று ஒரு தாளில் தேதியோடு குறித்துவைத்து, அடுத்த முறை போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.