மாரடைப்புக்குப் பின் விமானம் ஏறலாமா?

"ஸ்டென்ட் வச்சு ரெண்டு வாரம் ஆகுது. துபாய்ல இருக்கிற மகனைப் பார்க்கப் போகலாமா டாக்டர்?" என்று கேட்டார், சுங்குவார்சத்திரத்தில் என்னிடம் வந்த பெரியவர்.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான். கிட்டத்தட்ட ஊட்டி! ரத்தத்தில் ஆக்ஸிஜன் சற்றுக் குறையும். நல்ல இதயம் கொஞ்சம் வேகமாகத் துடித்துச் சமாளித்துவிடும். அடிபட்ட இதயம் திணறலாம்.

அடைப்பு சரியாகி, சிக்கல் எதுவும் இல்லையென்றால் பலருக்குப் பத்து நாளில் அனுமதி கிடைக்கும். படுத்தால் மூச்சிரைப்பு, நடந்தால் நெஞ்சுவலி இருக்கிறதா? டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கள். நாள் குறிக்க வேண்டியவர் இதய மருத்துவர்; நானல்ல.

அவர் இன்னொன்றும் கேட்டார்: "இங்கிலீஷ் மாத்திரைக்குப் பதிலா சூரணம் தாங்களேன்!" மறுத்துவிட்டேன். ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே அடைத்துக்கொள்ளலாம். மாத்திரைகளைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கைப்பையிலேயே வையுங்கள், சீட்டோடு.