மடியில் ஒரு மடக்குக் கத்தி

உப்புத் தண்ணீருக்கும் ஈரக் கைக்கும் தாக்குப்பிடிக்கிற சின்னக் கத்தி எது? கும்பளங்கிக்காரர்களுக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல.

கொச்சிக்குத் தெற்கே, காயல் சூழ்ந்த கும்பளங்கியில் கத்திக்கு வேலை காலையிலேயே தொடங்கிவிடுகிறது. வலையில் சிக்கிய நண்டை விடுவிக்க ஒரு முடிச்சை வெட்ட வேண்டும். கயிற்று நுனியைச் சீராக்க வேண்டும். இறால் தீவன மூட்டையைப் பிரிக்க வேண்டும். ஊரை நாடறியச் செய்தது 2019இல் வந்த 'கும்பளங்கி நைட்ஸ்' படமும், அதற்கு முன்பே கிடைத்த மாதிரிச் சுற்றுலாக் கிராமம் என்ற பெயரும்தான். ஆனால் சீனவலையும் பொக்காளி வயலும் நண்டும் கரிமீனும் படத்துக்கு முன்பும் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. கள் இறக்குகிறவரின் கத்தி கனமானது, மடங்காது. அது தனி ரகம். இங்கே பேச்சு, சட்டைப்பையிலோ லுங்கி மடிப்பிலோ கிடக்கும் விரல் நீளச் சமாசாரத்தைப் பற்றியது.

முதல் எதிரி துரு. பொக்காளி வயலில் மழைக்காலத்தில் நெல், அறுவடை முடிந்து நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இறால். காரணம் எளிது: மழை நீர் உப்பை விரட்டுகிறது, மழை ஓய்ந்ததும் கடல் உள்ளே வருகிறது. அந்த உப்பு மாதங்களில், நன்றாக வெட்டும் பழைய கார்பன் ஸ்டீல் கத்தி ஒரே இரவில் பழுப்பேறிவிடும். அது தீட்ட சுலபம், கூர் அருமையாக ஏறும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் தினமும் துடைத்து எண்ணெய் போடுகிற பொறுமை எத்தனை பேருக்கு இருக்கிறது?

எவர்சில்வர் என்றால் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி குரோமியம் கலந்த எஃகை உருவாக்கினார். கத்திக்கான எவர்சில்வரில் குரோமியம் சுமார் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அந்தக் குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய படலமாக நின்று காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே ஓட்டை போடும். அலகு பளபளவென்றிருக்க, கீல் மட்டும் உள்ளே அரித்துப்போயிருக்கும். கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த எஃகு வகைகள் இப்போது வந்திருக்கின்றன. கடல் நீரையே கேலி செய்கின்றன. விலை நம்மைக் கேலி செய்கிறது. சாதாரண எவர்சில்வரை வாங்கி, வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, திறந்தபடியே உலரவிட்டு, கீலில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுவதுதான் நடக்கிற காரியம். மீனும் பழமும் நறுக்குகிற கத்திக்கு மிஷின் எண்ணெயைவிட அதுவே மேல்.

இரண்டாவது, பிடி. பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒபினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி உலகப் புகழ் பெற்றது, இலேசானது, அழகானது. 1955இல் அதற்குச் சுழலும் வளையப் பூட்டும் வந்தது. ஆனால் ஈரம் பட்டால் மரம் உப்பும், அலகு பிடிக்குள் இறுகிக்கொள்ளும். பிடியின் அடியைக் கட்டையில் தட்டி அலகை வெளியே எடுப்பது சவாய்க்காரர்களுக்குப் பழகிய வித்தை. இடவப்பாதி மழையில் தோணியில் நிற்பவருக்கு அது வித்தையல்ல, தலைவேதனை. நைலான் அல்லது பிளாஸ்டிக் பிடி, அதில் கயிறு கோக்க ஒரு துளை: அழகு குறைவு, உபயோகம் அதிகம். துளை இல்லாத கத்தி என்றாவது ஒரு நாள் காயலுக்குத்தான்.

மூன்றாவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. கார்ல் எல்சனரின் பட்டறை 1891இல் சுவிஸ் ராணுவத்துக்கு விற்ற கத்தியும், 1897இல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியும், அவற்றின் வழி வந்த சிவப்புக் கத்திகளில் பெரும்பாலானவையும் முதுகு ஸ்பிரிங்கை நம்பியவை. பூட்டு கிடையாது. பென்சில் சீவ, பார்சல் பிரிக்கச் சௌகரியம். ஆனால் சிப்பியின் வாயைப் பிளக்க நுனியைக் குத்தித் திருகினால் அலகு விரல் மேல் மடங்கும். அந்த வேலைக்கு மடங்காத, குட்டையான சிப்பிக் கத்தியே சரி. மடக்குக் கத்திதான் வேண்டுமென்றால் பூட்டு உள்ளதாகப் பாருங்கள். பூட்டியபின் அலகு ஆடுகிறதா என்று கடையிலேயே அசைத்துப் பாருங்கள்.

கால் வலையில் மாட்டித் தண்ணீருக்குள் இழுபடும்போது இரண்டு கையும் காலியாக இருக்காது. செதில் ஒட்டிய ஈர விரலால் அலகின் நகக்குழியைத் தேடுவதும் நடக்காது. ஒற்றைக் கையால் திறக்க, அலகில் பெருவிரல் நுழையும் துளையோ ஒரு குமிழோ இருக்க வேண்டும். நைலான் கயிற்றை ரம்பப் பல் அலகு கடித்து அறுக்கும், வழுவழு அலகு வழுக்கும். நுனி கூராக இல்லாமல் மழுங்கிய ஆட்டுக்குளம்பு வடிவில் இருந்தால், பதற்றத்தில் தன் தொடையையே கிழித்துக்கொள்ளும் ஆபத்தும் குறையும். பழம் நறுக்க ரம்பப் பல் உதவாதே என்பார்கள். பாதி வழுவழு, பாதி பல் உள்ள அலகுகளும் கிடைக்கின்றன. ஆனால் தீட்டுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

அளவு? 7 சென்டிமீட்டர் அலகு மடியில் உறுத்தாது, வேலையும் தடைபடாது. பெரிய கத்தி வைத்திருப்பவர் வெட்டுவதைவிடக் காட்டுவதே அதிகம். சட்டமும் இங்கே எட்டிப் பார்க்கிறது. ஆயுத விதிகளின்படி, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ அல்லாத, 9 அங்குல நீளத்தை அல்லது 2 அங்குல அகலத்தைத் தாண்டிய அலகுதான் உரிமம் கேட்கும் ஆயுதம். ஆனால் பட்டனைத் தட்டியதும் பாயும் ராம்பூரி ரகம் வேறு கதை. டெல்லியில் 1980 அறிவிக்கை ஒன்று, 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டிய பட்டன் கத்திகளையே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ராம்பூர் நகரமோ 2023இல் நாற்சந்தியில் 20 அடிக் கத்தியை நிறுத்தி அந்தப் பெருமையைக் கொண்டாடியது. காயல்காரருக்குப் பட்டன் எதற்கு? உப்பு முதலில் தின்பது அந்த ஸ்பிரிங்கைத்தான்.

வளைகுடாவுக்குப் புறப்படுகிறவர்கள் நெடும்பாசேரிக்குக் கிளம்பும் முன் மடியை ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது. விமானத்தில் பேனாக்கத்தியும் கத்திதான். பெட்டியில் போட்டுச் சரக்கில் அனுப்பினால் கூடவே வரும், கைப்பையில் இருந்தால் சோதனை மேஜையோடு சரி.