தொட்டிலா, கோர்ட்டா?

சம்மன் வந்துவிட்டது!

திருடியவனுக்கு வந்ததென்றால் நாம் அதைப்பற்றி எழுதப் போவதில்லை. கடன் வாங்கிக் கம்பி நீட்டியவனுக்கு வந்ததென்றாலும் நமக்கென்ன கவலை? வந்திருப்பது பிள்ளை பெற்று மூன்று மாதம்கூட நிரம்பாத ஒரு பச்சை உடம்புக்காரிக்கு! மடியிலே குழந்தை, கையிலே கோர்ட்டுக் கடிதம். இன்ன தேதி, இன்ன மணிக்கு வந்து சேரவேண்டும், தவறினால் அபராதம் என்று கண்டிப்போடு பேசுகிறது கடிதம். அவள் செய்த குற்றம் என்ன? வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அவ்வளவுதான்.

இது அமெரிக்க நாட்டு நடப்பு. அங்கே ஒருவன்மீது பெருங்குற்றம் சாட்டப்பட்டால், நீதிபதி ஒருவரே அவனைக் குற்றவாளி என்று தீர்த்துவிட முடியாது. ஊராரிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்ட பன்னிரண்டு பேர், சில இடங்களில் ஆறு பேர், உட்கார்ந்து கேட்டு, தமக்குள் பேசி, "செய்தான்" அல்லது "செய்யவில்லை" என்று சொல்லவேண்டும். இவர்களே ஜூரர்கள். 1791இல் அந்நாட்டு அரசியல் சட்டத்தில் சேர்ந்த உரிமை அது.

ஜூரி என்ற சொல் நமக்கும் புதிதல்ல. தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1944இல் லட்சுமிகாந்தன் கொல்லப்பட்டான். மறு ஆண்டு, பாகவதரையும் கலைவாணரையும் குற்றவாளிகள் என்று சொன்னது சென்னையில் அமர்ந்திருந்த ஜூரிதான். 1947இல் அவ்விருவரும் விடுதலையாகி வந்தது வேறு கதை. பிறகு பம்பாயில் நானாவதி வழக்கு வந்தது. ஜூரிமுறைக்கே கெட்ட பெயர் வந்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு முழுக்குப் போட்டது.

அமெரிக்கர்கள் முழுக்குப் போடவில்லை. வாக்காளர் பட்டியல், வண்டி ஓட்டும் உரிமம் வாங்கியவர் பட்டியல், இவற்றிலிருந்து பெயர்களைக் குலுக்கி எடுத்துக் கடிதம் அனுப்புகிறார்கள். மூட்டை தூக்குபவனுக்கும் வரும், வங்கி முதலாளிக்கும் வரும். அந்த அறைக்குள்ளே இருவருக்கும் ஒரே வாக்கு! இந்த ஏற்பாட்டை நாம் குறைகூற வரவில்லை. டாலர் தேசத்தில் டாலரைக்கொண்டு எடை போடாத இடங்கள் சிலதான் உண்டு. அவற்றில் இது ஒன்று.

ஆனால், தோழர்களே, பாலுக்குச் சம்மன் தெரியுமா?

பிறந்த சில வாரக் குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அதாவது இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. ஆறு மாதம்வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. காலையில் கோர்ட்டுக்குப் போனவள் மாலையில் திரும்பினால் குழந்தையின் கதி என்ன? தாயின் கதிதான் என்ன? பால் என்பது குழாய்த் தண்ணீரல்ல, திருகி நிறுத்திவைக்க. நேரம் தப்பினால் மார்பில் கட்டிக்கொள்ளும், கல்லாக இறுகும், தொட்டால் உயிர் போகும். காய்ச்சல் வரும்; சிலருக்குச் சீழ் பிடித்துக் கத்தி வைக்கும் நிலைகூட வரும். எங்கோ ஒரு குழந்தை அழுதாலே போதும், ரவிக்கை நனைந்துவிடும். எங்கே? ஊரார் பார்க்க, வக்கீல்கள் பார்க்க, கொலை வழக்கின் சாட்சி பேசிக்கொண்டிருக்கும்போது! வீட்டில் கேட்டுப் பாருங்கள். மனைவியைக் கேட்கக் கூச்சமென்றால் தாயைக் கேளுங்கள்.

"கருவி வைத்துப் பாலை எடுத்துப் புட்டியில் ஊற்றிக் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்பவர் உண்டு. கொடுக்கலாம், குழந்தை குடித்தால். தாயின் மார்பு பழகிய குழந்தை எத்தனையோ புட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எடுப்பதற்கும் இடம் வேண்டும், நேரம் வேண்டும், எடுத்ததைக் கெடாமல் வைக்கக் குளிர்ப்பெட்டி வேண்டும். பழைய கோர்ட்டுக் கட்டிடத்தில் தனி அறைக்கு எங்கே போவாள்? கழிப்பறைக்கா? நாம் சாப்பிடும் சோற்றைக் கழிப்பறையிலா சமைக்கிறோம்?

2013இல் மிசௌரி மாநிலத்து ஜாக்சன் கவுண்டியில் இது நடந்தே விட்டது. ஏழு மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்துவந்த ஒரு தாய்க்கு ஜூரி அழைப்பு வந்தது. குழந்தை புட்டியைத் தொடுவதில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டே போய் நின்றாள். "பார்த்துக்கொள்ள ஓர் ஆளைக் கூட்டிவா, அல்லது இடைவேளையில் பாலை எடுத்துக்கொள்" என்றது கோர்ட்டு. அவள் போகாமலா இருந்தாள்? போனாள், குழந்தையோடு! அதுவே குற்றமாயிற்று. கோர்ட்டு அவமதிப்பு என்று வழக்கு. 500 டாலர்வரை அபராதம் வரலாம் என்ற மிரட்டல். நாடெங்கும் பேச்சு எழுந்தது. மறு ஆண்டு, 2014இல், பால் கொடுக்கும் தாய் கேட்டால் ஜூரி வேலையிலிருந்து விடவேண்டும் என்று மிசௌரி சட்டமன்றம் சட்டம் செய்தது.

"சரி, தீர்ந்தது தொல்லை! தாய்மாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் போயிற்று!" என்று சொல்லத் தோன்றும். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்நாட்டுப் பழைய ஏடுகளைப் புரட்டினால் வாய் அடைத்துப்போகிறது.

இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் பெண் ஜூரராக முடியாது. அந்தச் சட்டம்தான் கப்பலேறி அமெரிக்கா போனது. ஒரே ஒரு வேளைக்கு மட்டும் பெண் வேண்டும். தூக்குத் தண்டனை பெற்ற ஒருத்தி, "என் வயிற்றில் பிள்ளை இருக்கிறது" என்று சொன்னால், அது மெய்தானா என்று தொட்டுப் பார்த்துச் சொல்லப் பன்னிரண்டு பெண்கள் கொண்ட ஜூரியை அழைப்பார்கள். மெய்யென்றால் தூக்கு தள்ளிப்போகும். பெண்ணின் அறிவு அதற்குமட்டும் போதுமாம்! இங்கிலாந்தில் 1931வரை சட்டத்தில் இருந்த முறை இது.

1870இல் அமெரிக்காவின் வயோமிங் பகுதியில், லாரமி என்ற ஊரில், பெண்கள் ஜூரர்களாக அமர்ந்தார்கள். உடனே கேலிப் படங்கள்! ஜூரிப் பெட்டியில் பெண்கள், மடியில் கைக்குழந்தைகள். தாய்மையைக் காட்டித்தான் சிரித்தார்கள். ஓராண்டில் அந்த வழக்கத்துக்கே மூடுவிழா நடந்தது. அதே வயோமிங்கில் பெண் மறுபடியும் ஜூரியில் ஏற ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆயின.

பிறகு சிரிப்பை விட்டுவிட்டு மரியாதையைக் கையிலெடுத்தார்கள். அதுதான் அதைவிட மோசம். 1957இல் ப்ளோரிடாவில் ஒருத்தி கணவனைப் பந்தடிக்கும் மட்டையால் அடித்துக் கொன்றுவிட்டாள். விசாரித்த ஜூரர் ஆறு பேரும் ஆண்கள். தானாக வந்து பெயர் பதிந்த பெண்ணை மட்டுமே அழைக்கலாம் என்பது அங்கே சட்டம். ஜூரிப் பட்டியலில் 10,000 பெயர். அதில் பெண்கள் பத்தே பேர்! வழக்கு உச்சநீதிமன்றம் போயிற்று. 1961இல் நீதிபதிகள் ஒருமுகமாக, "இது சரியே" என்றார்கள். காரணம்? வீட்டுக்கும் குடும்பத்துக்கும் நடுநாயகம் பெண்ணாம். அவளைத் தொல்லைப்படுத்தக் கூடாதாம்! மாலை போட்டு மூலையில் உட்காரவைக்கும் வித்தை நமக்குத் தெரியாததா?

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1975இல் லூசியானா வழக்கில் காற்று திசை மாறியது. 1979இல் இன்னொரு வழக்கு. எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? அதே மிசௌரி, அதே ஜாக்சன் கவுண்டி! அங்கே எந்தப் பெண்ணும் "நான் பெண்" என்று சொன்னால் போதும், விலக்கு உண்டு. ஊரில் பாதிக்குமேல் பெண்கள். ஜூரிக்கு வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர்கூட முழுதாகத் தேறவில்லை. வாதாட வந்தவர்களில் ஒருவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். கைக்குழந்தையை வளர்த்துக்கொண்டே 1956இல் சட்டக் கல்லூரியில் சேர்ந்தவர்; பின்னாளில், 1993இல், அதே உச்சநீதிமன்றத்தின் நீதிபதியானவர். பெண்ணென்ற காரணத்துக்காக மொத்தமாக விலக்குவது செல்லாது என்றது தீர்ப்பு. இரண்டு வழக்கிலும் கோர்ட்டுப் படியேறி, "என்னை விசாரிக்கப் பெண்களும் வேண்டும்" என்று கேட்டவன், குற்றம் சாட்டப்பட்ட ஓர் ஆண் என்பதையும் சொல்லிவைப்போம்.

1979 தீர்ப்பில் இன்னொரு பேச்சும் உண்டு. குழந்தையைப் பராமரிக்க வேண்டியவர்களுக்கென்றே அளந்து வெட்டிய விலக்கு இருந்தால் அது செல்லும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அப்படி அளந்து வெட்டத்தான் மிசௌரிக்கு 2014வரை நேரம் கிடைக்கவில்லை! எல்லாப் பெண்களையும் தள்ளிவைத்த காலத்தில் தாய்க்கு விலக்கு இருந்தது. எல்லாரும் சமம் என்றானதும், பச்சை உடம்புக்காரியும் பயில்வானும் ஒன்று என்றார்கள். முதலில் பெண் என்பதைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. பிறகு அதுமட்டும் படவில்லை.

கலிபோர்னியாக்காரர்கள் இதில் கொஞ்சம் புத்திசாலிகள். பால் கொடுக்கும் தாய் கேட்டால் ஓராண்டுவரை தள்ளிவைக்கிறார்கள். பால் மறக்கவில்லையென்றால் மீண்டும் கேட்கலாம். கோர்ட்டுக்கு நேரில் வரவும் வேண்டாம். அவள் பெயர் பட்டியலில் இருக்கும், நாற்காலி காத்திருக்கும். நமது வாக்கு இந்த முறைக்கே.

ப்ளோரிடாவைப் பாருங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை வைத்திருக்கும் பெற்றோர் கேட்டால் விலக்கு உண்டு. ஆனால் ஒரு சிறு வால்: முழுநேர வேலைக்குப் போகாதவராக இருக்கவேண்டும்! வீட்டிலிருப்பவளுக்கு விலக்கு. பட்டறைக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் முழுநாள் உழைக்கப் போகிறவளுக்கு அது இல்லை. உழைப்பவள் மார்பில் சுரப்பது பாலில்லையா? 2024இல்தான், பிள்ளை பெற்று ஆறு மாதத்துக்குட்பட்ட எந்தத் தாயும் கேட்டால் விடவேண்டும் என்று சேர்த்தார்கள்.

கூலிக் கணக்கைத் தொடாமல் இந்தப் பேச்சை முடிக்கலாமா? மத்தியக் கோர்ட்டில் ஜூரருக்கு நாளுக்கு 50 டாலர். கலிபோர்னியா மாநிலக் கோர்ட்டில் பொதுவாக 15 டாலர், அதுவும் இரண்டாம் நாளிலிருந்து! ஜூரிக்குப் போன நாளுக்கு முதலாளி சம்பளம் கொடுத்தே தீரவேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டம் அங்கே இல்லை. சில மாநிலங்களில் மட்டும் உண்டு. சம்பளத்தோடு கூடிய பிரசவ விடுப்புக்கும் நாடு தழுவிய பொதுச் சட்டம் இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருவது பன்னிரண்டு வாரம், சம்பளமில்லாமல், அதுவும் எல்லாருக்கும் அல்ல. நமது நாட்டில் 1961ஆம் ஆண்டுச் சட்டமே, வேலைக்குத் திரும்பிய தாய் குழந்தைக்குப் பதினைந்து மாதமாகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை என்று எழுதிவைத்தது. எத்தனை முதலாளிகள் அதை மதித்தார்கள் என்று நம்மிடம் கேட்காதீர்கள்!

அங்கே 2022 டிசம்பரில், வேலை செய்யும் இடத்தில் தாய்க்குப் பால் எடுக்க நேரமும் கழிப்பறையல்லாத இடமும் தரவேண்டும் என்ற உரிமையை விரித்துச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் அது முதலாளியைத்தான் கட்டும். ஜூரராகப் போகிறவள் கோர்ட்டின் கூலிக்காரி அல்லவே! 2019இல் இன்னொரு சட்டம்: பொதுமக்கள் வந்துபோகும் மத்திய அரசுக் கட்டிடங்களில் பால் கொடுக்கும் தாய்க்குத் தனி அறை. அதுவும் நல்லதே. ஆனால் ஜூரி வழக்குகளில் பெரும்பாலானவை நடப்பது மாநிலக் கோர்ட்டுகளில். மத்தியச் சட்டம் அந்தப் படி ஏறாது. சில ஊர்களில் அறை உண்டு. சில ஊர்களில், "அந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள், அம்மா" என்று சொல்லும் நல்ல மனசுள்ள சிப்பந்தி இருந்தால் அவள் பாக்கியம்.

மிசௌரிச் சட்டத்தில் ஒரு வரி நம் கண்ணை உறுத்துகிறது. விலக்கு வேண்டுமென்றால், தான் குழந்தைக்குப் பால் கொடுப்பது மெய் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கோர்ட்டில் நீட்டவேண்டும். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் பன்னிரண்டு பெண்கள் போய்விட்டார்கள். அந்த இடத்தில் ஒரு டாக்டரின் கையெழுத்து. குழந்தையோடு வந்து நின்றவளை நிமிர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும் சங்கதிக்கு, இன்றும் அவள் காகிதம் தேடி வரிசையில் நிற்கிறாள், இடுப்பில் குழந்தையுடன்.