ஆலிவர் மெக்கால்

ஆலிவர் மெக்கால் (பிறப்பு: ஏப்ரல் 21, 1965) சிகாகோவில் பிறந்த அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஆவார். மைக் டைசனின் பயிற்சிக்காக அவருடன் மோதிப் பழகியவர். 1994 செப்டம்பர் 24 அன்று இலண்டனில், அதுவரை தொழில்முறைப் போட்டிகளில் தோல்வியே காணாத லெனாக்ஸ் லூயிசை இரண்டாவது சுற்றிலேயே வென்று, உலகக் குத்துச்சண்டைப் பேரவையின் ஹெவிவெயிட் பட்டத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே பிராங்க் புருனோவிடம் அதனை இழந்தார்.

போதைப்பழக்கமும் மறுபோட்டியும்

கொக்கெயின் பழக்கத்தினால் 1996 இல் பலமுறை கைது செய்யப்பட்டார். சிகிச்சை பெற்றுக்கொண்டே லூயிசுடனான மறுபோட்டிக்குப் பயிற்சி எடுத்தார். அந்நிலையில் அவரைக் களமிறக்கியிருக்கலாமா என்பது விவாதத்திற்குரியது. இப்போட்டி 1997 பிப்ரவரி 7 அன்று லாஸ் வேகாசில் நடைபெற்றது. மூன்றாவது சுற்றின் முடிவில் தம் மூலைக்குச் செல்லாமல் மேடையிலேயே சுற்றி நடந்தார். நான்காவது சுற்றில் கைகளைத் தொங்கவிட்டார். கண்ணீர் விட்டு அழுதார். ஒருமுறைகூட அவர் கீழே விழவில்லை. எனினும் ஐந்தாவது சுற்றில் நடுவர் மில்ஸ் லேன் போட்டியை நிறுத்தினார். நெவாடா மாநில ஆணையம் அவரது ஊதியத்தை நிறுத்தி வைத்தது.

பின்னர் மீண்டும் களமிறங்கி, 2001 இல் ஹென்றி அக்கின்வாண்டேயை வீழ்த்தினார். ஆயினும் உலகப் பட்டம் திரும்பக் கிட்டவில்லை.