சக்கர நாற்காலியுடன் குடும்பப் பயணம்: சாமராஜநகர் - மைசூரு வழியில் கவனிக்க வேண்டியவை என்ன?

சாமராஜநகர்: கர்நாடகாவின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ள சாமராஜநகரிலிருந்து மைசூரு சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மருத்துவம், கல்வி, உறவினர் இல்ல விழாக்கள், சுற்றுலா எனப் பல தேவைகளுக்காக மக்கள் இவ்வழியில் நாள்தோறும் சென்று வருகின்றனர். ரயிலோ பேருந்தோ ஏறினால் 2 மணி நேரத்திற்குள் முடிந்துவிடக்கூடிய எளிய பயணம் இது. ஆனால், குடும்பத்தில் ஒருவர் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவராக இருந்தால், இதே பயணத்திற்குச் சில நாட்களுக்கு முன்பே திட்டமிட வேண்டியுள்ளது.

திட்டமிடல் தவறினால் பெரும்பாலும் நிகழ்வது ஒன்றுதான். "நீங்கள் வீட்டிலேயே இருங்கள், நாங்கள் போய் வந்துவிடுகிறோம்" என்று சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் கூறப்படுகிறது. மருத்துவப் பரிசோதனை தள்ளிப் போகிறது; பேத்தியின் திருமணத்தைப் பாட்டி புகைப்படத்தில் மட்டுமே காண நேரிடுகிறது. இந்த நிலையைத் தவிர்ப்பதற்கு என்ன செய்ய வேண்டும், சட்டம் என்ன உரிமை அளிக்கிறது என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

தடை எங்கே ஏற்படுகிறது?

பயண ஏற்பாடு என்றவுடன் பலரும் எந்த வாகனம் என்பதையே முதலில் யோசிக்கின்றனர். ஆனால், சக்கர நாற்காலிப் பயணத்தில் சிக்கல் பெரும்பாலும் வாகனம் ஓடும்போது ஏற்படுவதில்லை. வீட்டு வாசலிலிருந்து வாகனத்திற்கு, வாகனத்திலிருந்து நடைமேடைக்கு, நடைமேடையிலிருந்து ரயில் பெட்டிக்கு, பின்னர் அங்கிருந்து ஆட்டோவுக்கு என மாறும் இடங்களிலேயே தடை எழுகிறது. இவற்றில் ஓரிடத்தில் 3 படிகள் குறுக்கிட்டாலும் மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் பயனற்றுப் போகும்.

எனவே, வாகனங்களைப் பட்டியலிடுவதற்கு முன் மாறுமிடங்களைப் பட்டியலிடுவதே சரியான தொடக்கமாகும். ஒவ்வோர் இடத்திலும் படிகள் எத்தனை, சாய்தளம் உண்டா, மின்தூக்கி இயங்குகிறதா, உதவிக்கு ஆள் இருக்கிறாரா என்ற 4 கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் அளவெடுங்கள்:

கையால் இயக்கும் சக்கர நாற்காலி பொதுவாக 60 முதல் 70 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. அதனை மடித்து வைக்க இயலும். மின்கலத்தில் இயங்கும் நாற்காலியின் எடை பல மடங்கு அதிகம். அவற்றுள் பலவற்றை மடிக்க இயலாது. விரித்த நிலையில் அகலம், மடித்த நிலையில் நீளமும் உயரமும், மொத்த எடை ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டால், வாகன உரிமையாளரிடமும் விடுதியிடமும் தெளிவாகக் கேட்க முடியும்.

அடுத்ததாக, பயணிப்பவர் நாற்காலியிலிருந்து இருக்கைக்குத் தாமாகவே மாற இயலுமா, ஒருவரின் கைத்தாங்கல் போதுமா, முழுமையாகத் தூக்க வேண்டுமா என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இதனை அவரிடமே கேட்டு முடிவு செய்வது அவசியம். தமது உடல் எவ்வாறு தாங்கப்பட வேண்டும் என்பதை அவரே நன்கு அறிவார்.

ரயில் பயணத்தின் சாதகமும் பாதகமும்:

மைசூருவிலிருந்து வரும் ரயில் பாதை சாமராஜநகரில் முடிவடைகிறது. இங்கிருந்தே ரயில் புறப்படுவதால், இடைப்பட்ட நிலையங்களில் இருப்பதைப் போல் ஓரிரு நிமிடங்களுக்குள் ஏறவேண்டிய நெருக்கடி இல்லை. முன்கூட்டியே நிலையத்திற்கு வந்தால் நிதானமாக ஏறலாம். இறங்குமிடம் மைசூரு என்றால், ரயில் எந்த நடைமேடைக்கு வரும், வெளியேறும் வழியில் மின்தூக்கி உள்ளதா என்பதை 139 என்ற ரயில்வே உதவி எண்ணிலோ, நிலைய அலுவலரிடமோ கேட்டறிவது நல்லது. நிலையத்தில் சக்கர நாற்காலி தேவைப்பட்டால் அதனையும் முன்பே தெரிவிக்கலாம்.

பாதகம் என்னவெனில், உயர்நடைமேடையாக இருந்தாலும் அதற்கும் வழக்கமான ரயில் பெட்டியின் தளத்திற்கும் இடையே ஏறக்குறைய அரை மீட்டர் உயர வேறுபாடு உள்ளது. மெட்ரோ ரயிலில் இருப்பதைப் போன்ற சமதள நுழைவு இங்கு இல்லை. பல ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென அகலமான கதவு கொண்ட தனிப்பெட்டி, ரயிலின் முன்முனையிலோ பின்முனையிலோ இணைக்கப்பட்டிருக்கும். அது எந்த முனையில் வரும் என்பதை அறிந்து அங்கேயே காத்திருக்க வேண்டும். ரயில் வந்த பிறகு நடைமேடையின் மறுமுனைக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடுவது ஆபத்தானது.

துணையின்றிப் பயணிக்க இயலாத உடலியக்கக் குறைபாடு உடையவர்களுக்கு இரண்டாம் வகுப்பு, படுக்கை வசதி, மூன்றடுக்கு குளிர்சாதன வகுப்பு ஆகியவற்றில் 75 சதவீதக் கட்டணச் சலுகை வழங்கப்படுகிறது. உடன் செல்லும் ஒருவருக்கும் இச்சலுகை பொருந்தும். இதற்கு ரயில்வே வழங்கும் அடையாள அட்டையை முன்கூட்டியே பெற்றுக்கொள்வது வசதியாக இருக்கும்.

பேருந்தில் ஏன் கடினம்?

பேருந்துத் தளத்தின் உயரமே இதற்கு அடிப்படைக் காரணம். நகரப் பேருந்துகளுக்கான மத்திய அரசின் வரையறைப்படி தாழ்தளப் பேருந்தின் தளம் 400 மில்லிமீட்டர் உயரத்திலும், நடுத்தர உயரப் பேருந்தில் 650 மில்லிமீட்டர் உயரத்திலும், வழக்கமான பேருந்தில் 900 மில்லிமீட்டர் உயரத்திலும் அமைகிறது. சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது கட்டடங்களுக்கான பொதுவான விதி. அந்தக் கணக்கின்படி 900 மில்லிமீட்டர் உயரத்தை எட்ட சுமார் 11 மீட்டர் நீளச் சாய்தளம் தேவைப்படும். சாலையில் இது சாத்தியமற்றது. இதனாலேயே தாழ்தளப் பேருந்துகள் வலியுறுத்தப்படுகின்றன.

எனினும், தாழ்தளப் பேருந்து மட்டுமே போதுமானதன்று. ஓட்டுநர் நடைபாதையை ஒட்டி நிறுத்தினால், நடைபாதையின் உயரம் கழிந்து சாய்தளம் மென்மையாக அமையும். அதே பேருந்து நடுச்சாலையில் நின்றால் சாய்தளம் செங்குத்தாகிவிடும். ஆகவே, பேருந்தைப் போலவே நிறுத்தமும் முக்கியத்துவம் பெறுகிறது.

சென்னையில் மாற்றுத்திறனாளிகளின் நீண்ட சட்டப் போராட்டத்திற்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் மாதம் 58 தாழ்தளப் பேருந்துகளின் சேவை தொடங்கி வைக்கப்பட்டது. 2025 ஜூன் 30ஆம் தேதி 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளும் சேவைக்கு வந்தன. பயணிகள் தொடர்ந்து கேட்டதால் கிடைத்த மாற்றம் இது என்பது குறிப்பிடத்தக்கது.

வாடகைக் கார் பேசும்போது கேட்க வேண்டியவை:

மைசூரு நகருக்குள் செல்வதற்குப் பெரும்பாலான குடும்பங்கள் வாடகைக் காரையே நாடுகின்றன. இங்கு அடிக்கடி ஏற்படும் ஏமாற்றம் சிஎன்ஜி உருளையால் வருகிறது. பின்புறப் பெட்டியில் உருளை பொருத்தப்பட்ட காரில் மடித்த நாற்காலியை வைக்க இடமிருக்காது. எனவே, "பின்பெட்டி காலியாக உள்ளதா" என்பதே ஓட்டுநரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியாகும்.

இருக்கையின் உயரமும் கவனிக்கத்தக்கது. சக்கர நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கார் இருக்கை ஏறக்குறைய அதே உயரத்தில் இருந்தால் பக்கவாட்டில் நகர்ந்து அமரலாம். மிகத் தாழ்வான காரிலும், மிக உயரமான வேனிலும் தூக்கிவிட வேண்டியிருக்கும். முன்னிருக்கையைப் பின்னுக்குத் தள்ளினால் கால்களுக்கு இடம் கிடைக்கும் என்பதால், பலருக்கும் ஓட்டுநரின் பக்கத்து இருக்கையே வசதியானது.

5 அல்லது 6 பேர் கொண்ட குடும்பம் ஒரே வாகனத்தில் செல்ல விரும்பினால் மூன்று வரிசை கொண்ட கார் ஏற்றது. ஆனால், மூன்றாம் வரிசையில் ஆட்கள் அமர்ந்தால் நாற்காலிக்கு இடமிருக்காது. மேற்கூரைக் கம்பியில் கட்டுவதற்கு வசதி உண்டா என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

நாற்காலியில் அமர்ந்தபடியே ஏறக்கூடிய சாய்தள வாகனம் கிடைத்தால், நாற்காலியின் பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. நாற்காலியை நான்கு புறமும் தளத்துடன் பட்டைகளால் பிணைப்பதும், அமர்ந்திருப்பவருக்குத் தனியாக இருக்கைப் பட்டை அணிவிப்பதும் கட்டாயம். நாற்காலியைத் தூக்க நேர்ந்தால் கைப்பிடி, கால்பலகை போன்ற கழன்றுவிடக்கூடிய பகுதிகளைப் பிடிக்காமல், உறுதியான சட்டத்தையே பிடிக்க வேண்டும்.

லண்டனில் கருப்பு டாக்சிகள் அனைத்தும் 2000ஆம் ஆண்டு முதல் சக்கர நாற்காலி ஏறும் வகையில் இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. சக்கர நாற்காலி ஏறத்தக்கவை என உள்ளாட்சி அமைப்பு பட்டியலிட்ட டாக்சிகளில், இப்பயணிகளிடம் கூடுதல் கட்டணம் வசூலிப்பதையும் பிரிட்டன் சட்டம் தடை செய்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் கவனத்திற்கு:

கோவை, ஈரோடு பகுதிகளிலிருந்து வருவோர் சத்தியமங்கலம், திம்பம் வழியாகச் சாமராஜநகரை அடைகின்றனர். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. உடலின் சமநிலையைத் தாமாகக் காத்துக்கொள்ள இயலாதவர்களுக்கு இருபுறமும் தலையணை வைத்து ஆதரவு அளிப்பது அவசியம். இப்பாதையில் இரவு நேரப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் உள்ளதால் பகலிலேயே கடப்பது நல்லது. உதகை, கூடலூர் வழியாக வருவோர் கடக்க வேண்டிய பந்திப்பூர் வனப்பகுதியில், 2009ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை உள்ளது. காட்டுப் பகுதியில் சக்கர நாற்காலி நுழையும் கழிவறையை எதிர்பார்க்க இயலாது என்பதால், அதற்கான நிறுத்தத்தையும் முன்பே தீர்மானிக்க வேண்டும்.

தசரா நாட்களில் மைசூரு அரண்மனையைச் சுற்றிப் போக்குவரத்து மாற்றம் செய்யப்படும். விஜயதசமியன்று அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை ஊர்வலம் செல்வதால், வாகனம் வாசல் வரை வராது. அந்நாட்களில் மருத்துவமனை செல்ல வேண்டியிருந்தால் மாற்று வழியை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, பேருந்து நிறுத்தங்கள், ரயில் நிலையங்கள், வாகனங்கள், சாலைகள் ஆகியவற்றை மாற்றுத்திறனாளிகள் அணுகும் வகையில் அமைக்க அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2024 நவம்பர் 8ஆம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது என்றும், கட்டாய விதிகளை 3 மாதங்களுக்குள் வகுக்க வேண்டும் என்றும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

நிலையத்தில் சாய்தளம் இல்லை, மின்தூக்கி இயங்கவில்லை, நடத்துநர் ஏற்ற மறுத்தார் என்பன போன்ற குறைகளை இடம், தேதி, நேரம், வாகன எண் ஆகியவற்றுடன் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் எழுத்துப்பூர்வமாக அளிக்கலாம். புகைப்படம் இருந்தால் இணைப்பது நல்லது. 2021ஆம் ஆண்டு மத்திய அரசு அறிமுகப்படுத்திய 'சுகம்ய பாரத்' செயலி வாயிலாகவும் அணுகல் குறைபாடுகளைப் பதிவு செய்யலாம்.

திரும்பும் பயணத்தையும் சேர்த்தே திட்டமிடுங்கள்:

காலையில் உதவிய உறவினர் மாலையில் இருக்க மாட்டார்; காலையில் வந்த கார் வேறு சவாரிக்குச் சென்றிருக்கும். மருத்துவமனையில் நாள் முழுவதும் அமர்ந்து களைத்தவரால், காலையில் செய்ததைப் போல் இருக்கைக்குத் தாமாக மாற இயலாமல் போகலாம். ஆகவே, திரும்பும் வாகனத்தையும் அதே ஓட்டுநரிடம் உறுதி செய்துகொள்வதும், கூடுதலாக ஒருவரின் உதவியை ஏற்பாடு செய்துகொள்வதும் அவசியம்.

இத்தனை ஏற்பாடுகளையும் இன்று ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகச் செய்துகொள்ள வேண்டியுள்ளது. நிலையங்களும் நிறுத்தங்களும் வாகனங்களும் சட்டம் கூறும் வகையில் அமைந்துவிட்டால், சாமராஜநகரிலிருந்து மைசூரு செல்லும் பாட்டிக்கும் மற்ற பயணிகளைப் போல் ஒரு பயணச்சீட்டே போதுமானதாக இருக்கும்.