அருங்காட்சியகத் தொடர்தொகுப்பு

அருங்காட்சியகத் தொடர்தொகுப்பு என்பது விக்கிப்பீடியாப் பயனர்கள் ஓர் அருங்காட்சியகத்தில் ஒன்றுகூடி, அங்குள்ள பொருட்களைப் பற்றிய கட்டுரைகளை எழுதவும் திருத்தவும் நடத்தப்படும் நிகழ்வு ஆகும். இணைய இணைப்பு இருந்தால் எங்கிருந்தும் தொகுக்கலாம் என்பதால் இது தேவையற்றதாகத் தோன்றக்கூடும். ஆனால் கடைகளில் கிடைக்காத ஆய்வு நூல்களையும், அப்பொருட்களைப் பல்லாண்டுகளாக ஆய்ந்த காப்பாட்சியர்களையும் அங்குதான் ஒருசேரக் காணமுடியும்.

பிரித்தானிய அருங்காட்சியகம், 2010

இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகம், 2010 சூன் மாதத்தில் ஆத்திரேலியரான லியாம் வயாட்டை ஐந்து வாரங்களுக்கு உறைவிட விக்கிப்பீடியராக ஏற்றது. ஊதியமற்ற இப்பொறுப்பை வகித்த முதலாமவர் இவரே. உரோசெட்டாக் கல் பற்றி அருங்காட்சியகத்தின் சொந்தப் பக்கத்தைவிட விக்கிப்பீடியாக் கட்டுரையையே பலர் படித்து வந்தனர்.

அக்காலத்தில் நடந்த ஒருநாள் நிகழ்வொன்றில் ஒக்சன் புதையல் என்ற ஒரே கட்டுரை எடுத்துக்கொள்ளப்பட்டது. இது 1992 இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், தொலைந்த சுத்தியலைத் தேடியவருக்குக் கிடைத்த உரோமைக் காலப் புதையல். ஏறத்தாழ 15,000 காசுகள் கொண்டது. (அச்சுத்தியலும் இன்று அருங்காட்சியகத்தில் உள்ளது.) பயனர்கள் காப்பாட்சியர்களிடம் நேரில் ஐயம் தீர்த்து எழுதினர். இக்கட்டுரை பின்னர் ஆங்கில விக்கிப்பீடியாவில் சிறப்புக் கட்டுரை ஆயிற்று.

நடுநிலை

காப்பாட்சியரின் வாய்மொழி விளக்கம் சான்றாகாது. அவர் சுட்டும் வெளியான நூலே சான்றாகும். இடம் தரும் நிறுவனம் கட்டுரையின் கருத்தை முடிவு செய்வதும் இல்லை. பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள பார்த்தினன் சிற்பங்களைக் கிரேக்கம் திருப்பிக் கேட்டு வருகிறது. அவ்வருங்காட்சியகத்தின் மேசையிலேயே அமர்ந்து எழுதினாலும், இக்கோரிக்கையையும் அதற்கான காரணங்களையும் கட்டுரையில் பதிவு செய்தல் வேண்டும்.